ரஞ்சினியின் இரண்டு நாட்டுப் பாதை

பீலெஃபெல்டில் ரஞ்சினியை முதன்முதல் தடியோடு கண்டவர்கள், எங்கேயோ விழுந்து காலை முறித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தார்கள். ஒரு தடி என்றால் அப்படி நினைக்கலாம். இரண்டு கையிலும் இரண்டு தடி, அதுவும் வெய்யில் எறிக்கிற ஆனி மாதத்தில். தமிழ்க்கடை வாசலில் கலாதேவி மறித்துக் கேட்டே விட்டாள்.

"என்ன ரஞ்சினியக்கா, பனியில்லாத இடத்திலை சறுக்கிறியளோ?"

"சீனியைச் சறுக்கி விழுத்தப் பாக்கிறன்," என்று சொல்லிவிட்டு ரஞ்சினி நிற்காமல் போனாள்.

ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் அவளுக்கு இருபத்தெட்டு வருட வேலை. கட்டில் விரிப்பு மடிப்பது, அடுக்குவது, வண்டியில் ஏற்றி மாடி மாடியாகத் தள்ளுவது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற எனக்கும் சீனி வருத்தம் வருமோ என்று ஐம்பத்துமூன்றாவது வயதில் டாக்டரிடம் கேட்டாள். வந்துவிட்டதே என்றார் அவர். மூன்று வாரம் ரேஹாவுக்கு அனுப்பினார்கள். நோயாளியை மறுபடி நடமாட வைத்து வீட்டுக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே மாத்திரையோடு கொடுத்தவைதான் அந்த இரண்டு தடிகள். மற்றவர்கள் ரேஹா முடிந்ததும் தடியை நிலவறைக்குள் போட்டுவிடுவார்கள் என்று பயிற்சி கொடுத்த பெண் சிரித்தபடி சொன்னாள். ரஞ்சினி போடவில்லை. ஆஸ்பத்திரியில் பழைய விரிப்பைக்கூடக் கிழித்துத் துடைதுணியாக்குகிறவள் அவள். கொடுத்த பொருளைப் பாவிக்காமல் விட மனம் வரவில்லை.

முதலில் இரண்டு பஸ் தரிப்பு தூரம். பிறகு வீட்டுத் தொகுதியைச் சுற்றி. ஆறு மாதம் கழிய, நகரத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டு மேட்டில் ஏறினாள். மரங்களில் அடித்திருக்கும் குறிகளைப் பார்த்து எந்தப் பாதை எங்கே போகிறது என்று வாசிக்கப் பழகினாள். ஒரு ஞாயிறு திடீரென்று மழை. ஓடிப்போய் ஒதுங்கிய மரக்கொட்டிலுக்குள் பன்னிரண்டு வெள்ளைக்காரர் நனைந்துபோய் நின்றார்கள். எல்லோரும் ஓய்வூதிய வயது. ஊரின் நடைக்கழகத்து ஆட்கள். ரஞ்சினியின் பெட்டியில் உளுந்து வடை பதினான்கு இருந்தது. தனியாக நடக்கப் போகிறவளுக்குப் பதினான்கு வடை எதற்கு என்று கேட்கக்கூடாது. யாராவது வந்தால் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போவது அவளுக்குத் தெரியாத காரியம். அடுத்த ஞாயிறு அவர்கள் அவளுக்காகக் காத்திருந்து புறப்பட்டார்கள்.

கழகத்தில் சேர்ந்து இரண்டாம் வருடமே அவளுக்குச் செம்மஞ்சள் மேலங்கி ஒன்று கொடுத்தார்கள். கூட்டத்தில் கடைசியாக நடப்பவர் போடுவது. பின்தங்குகிறவர், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தவர், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியவர், எவரையும் தவறவிடாமல் கொண்டுவந்து சேர்ப்பது கடைசி ஆளின் வேலை. மூன்று வருடத்தில் ரஞ்சினி ஒருவரையும் தொலைக்கவில்லை. ஆனால் மூன்று வருடமும் அவள் பார்த்த காட்சி இருபது முதுகுகள்தான்.

மாசி மாதத்தில் மகள் தர்மிகாவும் மருமகன் கீர்த்தனனும் முதுகில் பையோடு தாய்லாந்துக்குப் போனார்கள். கலியாணம் முடிந்த கையோடு போக வேண்டிய பயணம், லீவு கிடைக்காமல் ஒரு வருடம் பிந்திவிட்டது. ஒரு புதன்கிழமை அங்கிருந்து படம் படமாக வந்து விழுந்தது. மேக்கொங் ஆறு. ஆற்றுக்கு மேல் பாலம். பாலத்துக்கு அங்காலே லாவோஸ். தர்மிகாவின் குரலும் வந்தது.

"அம்மா, காலமை தாய்லாந்திலை கஞ்சி குடிச்சனாங்கள். மத்தியானம் லாவோஸிலை நூடில்ஸ். இப்ப திரும்பித் தாய்லாந்து. ஒரு நாளிலை ரெண்டு நாடு! நடந்து நடந்து கீர்த்தனன்ரை கால் வீங்கிப்போச்சு."

ரஞ்சினி அதை மூன்று தரம் கேட்டாள். பிறகு குசினி மேசையில் கழகத்து வரைபடத்தை விரித்தாள். ஜேர்மனியின் மேற்கு எல்லை இரண்டரை மணித்தியால ரயில் தூரம். குரோனாவ் என்று ஒரு சிறிய ஊர். அதற்குத் தெற்கே பெரிய சதுப்பு நிலம். அந்தச் சதுப்பின் நடுவால்தான் நெதர்லாந்து எல்லை போகிறது. ஸ்டேஷனில் இறங்கி, சதுப்பு நிலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் ஒரு வட்டம் அடித்து, வேறு வழியால் திரும்பினால் இருபத்துநான்கு கிலோமீற்றர். நூலை வரைபடத்தில் வைத்து வைத்து அளந்தாள். நாலு இரவு அளந்தாள். பிறகு ஒரு தாளில் எழுதி, கழகத்தின் செயலாளர் புரொக்மனிடம் கொண்டுபோனாள்.

புரொக்மனுக்கு எழுபது வயது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்தவர். ரஞ்சினியைக் கணவர் பெயரால் ஃப்ரௌ, அதாவது திருமதி, என்றுதான் அழைப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"நல்ல பாதை, ஃப்ரௌ சோதிலிங்கம். உண்மையாகவே நல்ல பாதை. கழகத்தில் ஒருவரும் இதை யோசிக்கவில்லை."

ரஞ்சினி காத்திருந்தாள்.

"இதை எப்போதும் முன்னால் போகிற வெஸ்ஸல் நடத்தட்டும். நீங்கள் வழக்கம்போலப் பின்னால் வாருங்கள். முன்னால் போக எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பின்னால் உங்களைப் போல ஒருவரும் இல்லை."

புகழ்ச்சிதான். அவர் மனதில் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அந்தத் தாளை அவர் வெஸ்ஸலின் கோப்பில் வைக்கப் போவதை ரஞ்சினி கண்டாள்.

"நைன்," என்றாள்.

இல்லை என்று அவள் அந்த அறையில் சொன்னது அதுவே முதல் தடவை. புரொக்மனின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக இறங்கியது. அவர் விதியைச் சொன்னார். புதிய பாதையைக் கழகத்தின் நிகழ்ச்சி நிரலில் போடுவதானால், நடத்தப் போகிறவர் அதை முதலில் நடந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மீற்றரும் காலால். பாதுகாப்புக்கு இன்னொருவர் கூட நடக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நேரம் குறித்த கொப்பி வேண்டும். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மாலை ஐந்துக்குள் ஸ்டேஷனில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வயதானவர்கள் வீடு போய்ச் சேர இரவாகிவிடும். நிகழ்ச்சி நிரல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்று வியாழன்.

"இந்த முறை போடாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம்," என்றார். "அடுத்த வருடம் வெஸ்ஸலுக்கும் நேரம் இருக்கும்."

"சனிக்கிழமை நடக்கிறேன்," என்றாள் ரஞ்சினி.

கூட நடக்க ஆள் தேடினாள். கழகத்து ஆட்கள் முழுப்பேரும் அந்தச் சனிக்கிழமை வேறொரு நடைக்குப் போகிறார்கள். கலாதேவிக்கு முதுகு நோ. மிஞ்சியவர் கணவர்தான், வீட்டில் இருந்தார்.

சோதிலிங்கம் குசினி அலுமாரிகள் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய மிகத் தூரமான நடை, காரை நிறுத்திய இடத்திலிருந்து கடை வாசல் வரைதான்.

"இருபத்துநாலோ?" என்றார். "கிலோமீற்றரோ?"

"ஓம்."

"ரெயிலிலை வாறன். நடக்கிறதுக்கு உத்தரவாதம் தர ஏலாது."

"நடக்காமல் வாறதெண்டால் நீங்கள் வரவே தேவையில்லை."

"உமக்கு ஏன் உந்த விண்ணாணம்? பின்னாலை நடந்தால் என்ன, முன்னாலை நடந்தால் என்ன, எல்லாரும் ஒரே ரெயிலிலைதானே திரும்பி வாறியள்?"

ரஞ்சினி பதில் சொல்லாமல் கத்தரிக்காயை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பதில் சொல்லாமல் வெட்டினால் என்ன அர்த்தம் என்று முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் சோதிலிங்கத்துக்குத் தெரியும்.

"சரி சரி. சப்பாத்து எங்கை கிடக்குது?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் பை கட்டினார்கள். ரஞ்சினியின் பையில் புளிச்சோற்றுப் பொதி இரண்டு, மரக்கறி ரொட்டி எட்டு, வடை, அவித்த முட்டை, தேத்தண்ணிப் போத்தல், மாத்திரை. சோதிலிங்கத்தின் பையில் ஒரு கறுப்பு ஓட்னர் மட்டும். நாலு விரல் தடிப்பான கோப்பு. அது இல்லாமல் அவர் ஊரைவிட்டு வெளியே போனதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எண்பத்தேழில் அவர் அகதியாக வந்தபோது, பதிந்த நகரத்தைவிட்டு வெளியே போகக் காகிதம் வேண்டும். அடுத்த வருடம் பதினைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கிற ஹெர்ஃபோர்டுக்கு ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போனார். கையில் அடையாள அட்டை இருந்தது, வெளியே போக அனுமதிக் காகிதம் இல்லை. ஸ்டேஷனில் பிடித்தார்கள். அந்த அமளியில் அடையாள அட்டையும் தொலைந்துவிட்டது. புது அட்டை எடுக்க ஏழு மாதம், அலுவலகத்தில் நேரம் குறித்துப் போகிற டெர்மின் பதினொன்று. அன்றைக்கு அவர் இரண்டு தீர்மானம் எடுத்தார். எங்கே போனாலும் எல்லாக் காகிதமும் கையில் இருக்க வேண்டும். ஒறிஜினல் ஒன்றும் கையில் இருக்கக்கூடாது. ஆகவே கோப்பில் இருப்பதெல்லாம் நகரசபை முத்திரை குத்தி உறுதிசெய்த பிரதிகள்: கலியாணப் பதிவு, குடியுரிமைப் பத்திரம், பாஸ்போட்டின் முதல் பக்கம், தர்மிகாவின் தடுப்பூசி அட்டைகூட. ஒறிஜினல்கள் படுக்கையறை அலுமாரியில், பட்டுச்சேலைகளுக்குக் கீழே, இரும்புப் பெட்டியில். விமானம் ஏறினாலொழிய அவை வெளிக்கிடாது. அவரைப் பார்த்து அந்தக் காலத்துத் தமிழ்ச் சனம் பாதியும் அப்படித்தான் செய்தது.

"பாஸ்போட்டுகள் எடுத்தியளோ?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"எல்லாம் இருக்கு," என்று சோதிலிங்கம் பையைத் தட்டிக் காட்டினார். அவளுடைய அடையாள அட்டையையும், ரயிலில் களவு போகும் என்று, முதல் நாளே பணப்பையிலிருந்து எடுத்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஒன்பது ஐந்துக்குக் குரோனாவ் ஸ்டேஷன் வாசலில் ரஞ்சினி கொப்பியில் நேரத்தை எழுதினாள். வானம் தெளிந்திருந்தது. முதல் ஐந்து கிலோமீற்றரும் சோதிலிங்கம் நல்ல மனிதனாக நடந்தார். ஆறாவதில் சப்பாத்தைக் குறை சொன்னார். ஏழாவதில் பாதையைக் குறை சொன்னார்.

"இதென்ன, ஒரு மலையுமில்லை, கோட்டையுமில்லை. புல்லும் தண்ணியும். இதைப் பாக்கவோ சனம் வரப்போகுது?"

"அங்கை பாருங்கோ."

நாரைகள் நாலு தண்ணீரில் நின்றன. சோதிலிங்கம் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. 

எல்லை பதினொன்று இருபதுக்கு வந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு கல். பாசி பிடித்து, ஒரு இலக்கம் வெட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மரப்பலகைப் பாலம். கம்பியில்லை, கொட்டிலில்லை, ஆளில்லை. சோதிலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினமோ?"

"கேட்டால்தானோ உங்களுக்கு எல்லை?"

அவர் ஒரு காலை ஜேர்மனியிலும் ஒரு காலை நெதர்லாந்திலும் வைத்துக்கொண்டு, படம் எடுக்கச் சொன்னார். ரஞ்சினி எடுத்து மகளுக்கு அனுப்பினாள். "அப்பா தராசு மாதிரி நிக்கிறார்," என்று பதில் வந்தது. எந்த நாட்டுக் காலில் பாரம் கூட என்று கீர்த்தனன் கேட்டிருந்தான்.

அந்தப் பக்கத்து வாங்கில் இருந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். சோதிலிங்கம் இரண்டு பொதியையும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார். சரியாக இருபது நிமிடம் விட்டு ரஞ்சினி தடியால் சப்பாத்தில் தட்டினாள். பகல் ஒன்று பத்துக்கு வட்டத்தின் பாதி முடிந்தது. இரண்டு பதினைந்துக்கு மறுபடி ஜேர்மனி. கணக்கு அச்சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே நடந்தால் நாலரைக்கு ஸ்டேஷன்.

இரண்டு நாற்பதுக்குப் பாதை ஒரு ஒடுங்கிய தார் ரோட்டில் ஏறியது. அங்கே பொலிஸ் வான் ஒன்று நின்றது. எல்லைப்பக்கத்து ரோட்டுகளில் மறுபடி ஆட்களை மறித்துச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று செய்தியில் கேட்டதுதான். வயதான ஒரு பொலிஸ்காரரும் இளம்பெண் ஒருத்தியும் இறங்கி வணக்கம் சொன்னார்கள்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

"நெதர்லாந்திலிருந்து. நடந்து," என்றாள் ரஞ்சினி.

"அடையாள அட்டையைப் பார்க்கலாமா?"

சோதிலிங்கம் உற்சாகமாக முன்னுக்கு வந்தார். முப்பத்தேழு வருடமாக அவர் காத்திருந்த தருணம். ஓட்னரை விரித்து, நிறப் பிரிப்பான்களைத் தட்டி, இரண்டு தாளை எடுத்து நீட்டினார்.

பொலிஸ்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது பிரதி."

"உறுதிசெய்த பிரதி," என்றார் சோதிலிங்கம். "முத்திரை இருக்கிறது."

"ஒறிஜினல்?"

"வீட்டில். பத்திரமாக."

"எல்லை கடக்கும்போது ஒறிஜினல் கையில் இருக்க வேண்டும். தெரியாதா?"

ரஞ்சினி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவசரமாகத் தன் பணப்பையைத் திறந்தாள். அட்டை இருந்த இடத்தில் கடைக்காரன் கொடுத்த புள்ளி அட்டை மட்டும் இருந்தது.

"என்ரை கார்ட் எங்கை?"

"பெட்டிக்குள்ளை."

"என்ரையுமோ!"

சோதிலிங்கத்தின் முகம் வெளிறியது. அரைவாசி ஊருக்கு ஜேர்மன் மொழியில் படிவம் நிரப்பிக் கொடுத்த மனிதன், அலுவலகத்தில் அதிகாரியோடு நின்று வாதாடுகிற மனிதன், நீலச் சீருடையும் காட்டுப் பாதையும் ஒன்றாக வந்ததும் இருந்த மொழியெல்லாவற்றையும் கைவிட்டார். வாயில் வந்தது ஒன்றே ஒன்று.

"அன்ட்ராக் கொடுத்திருக்கிறோம்," என்றார். விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

"எதற்கு விண்ணப்பம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அது அவருக்கும் தெரியவில்லை.

ரஞ்சினி முன்னால் வந்தாள். அவளுடைய ஜேர்மன் சலவைப் பகுதியில் படித்தது. சிறிய வசனங்கள், சுற்றிவளைப்பு இல்லை. "இவர் என் கணவர். இரண்டு பேரும் ஜேர்மன் குடியுரிமை. இருபத்தொரு வருடம். அட்டையைத் தொலைத்துவிடுவோம் என்று பயந்து அவர் வீட்டில் வைத்துவிட்டார். பிழை எங்களுடையது. பெயர், பிறந்த திகதி, விலாசம் தருகிறேன். பாருங்கள். ஆனால் கெதியாகப் பாருங்கள், நான் ஐந்து மணிக்குள் குரோனாவில் நிற்க வேண்டும்."

"ஏன்?"

"கழகத்தின் புதுப் பாதை. நான் நடத்தப் போகிறேன்." கொப்பியைக் காட்டினாள்.

அந்தப் பெண் கொப்பியைப் பார்த்தாள். நேரங்கள், கிலோமீற்றர், வாங்கு எங்கே, மலசலகூடம் எங்கே, வழுக்கும் பலகை எங்கே. விவரங்களை எழுதிக்கொண்டு வானுக்குள் போனாள். சதுப்புக்குள் தொடர்பு விட்டு விட்டு வந்தது. முதலில் சோதிலிங்கம் என்ற பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு இணைப்பு அறுந்தது. பிறகு மறுபடி முதல் எழுத்திலிருந்து. ரஞ்சினி நின்ற இடத்தில் நின்றாள். சோதிலிங்கம் வேலியில் சாய்ந்து ஓட்னரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிழை விட்டிட்டன், ரஞ்சினி," என்றார்.

"ஓம், விட்டிட்டியள்."

"இப்பிடிக் கேப்பினமெண்டு ஆர் கண்டது?"

"உதுக்குத்தானே முப்பத்தேழு வருசமாய் உதைக் காவினனீங்கள்!"

மூன்று இருபத்தெட்டுக்கு அந்தப் பெண் திரும்பி வந்தாள். எல்லாம் சரி. இந்த முறை எச்சரிக்கை மட்டும், அடுத்த முறை ஒறிஜினல் வேண்டும். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஸ்டேஷனுக்கு இன்னும் எட்டுக் கிலோமீற்றர். ஐந்துக்குள் நடந்து போவது கஷ்டம். நாங்கள் அந்தப் பக்கம்தான் போகிறோம். ஏறுங்கள், கொண்டுபோய் விடுகிறோம்."

சோதிலிங்கத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நன்றி சொல்வதற்குள் ஒரு கால் வானுக்குள் போய்விட்டது.

"இறங்குங்கோ," என்றாள் ரஞ்சினி தமிழில்.

"என்ன?"

"இறங்குங்கோ. வானிலை போனால் நடந்ததாகாது."

"இஞ்சை பாரும், ஆர் பாக்கப்போகினம்? கொப்பியிலை ஐஞ்சுக்கு முதல் எண்டு எழுதும்."

"நான் எழுத மாட்டன்."

"எட்டுக் கிலோமீற்றர்! ஒண்டரை மணித்தியாலம்! எனக்கு ஏலாது. நீர் வேணுமெண்டால் நடவும், நான் ஸ்டேஷனிலை நிக்கிறன்."

"ரெண்டு பேர் நடக்க வேணும் எண்டுறது விதி. சரி, நீங்கள் ஏறுங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை." ரஞ்சினி தடியின் பட்டியைக் கையில் மாட்டினாள். "திங்கக்கிழமை புரொக்மனிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுறன். பதினாறு கிலோமீற்றர் நடந்தம், பேந்து என்ரை மனிசனைப் பொலிஸ் ஏத்திக்கொண்டு போட்டுது எண்டு."

"உதை அந்தாளுக்குச் சொல்லுவீரோ?"

"கலாதேவிக்கும் சொல்லுவன்."

பொலிஸ்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லாம் விளங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். சோதிலிங்கம் ஒரு நிமிடம் கதவில் நின்றார். பிறகு வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு இறங்கினார். ரஞ்சினி அவருடைய பையை வாங்கித் தன் நெஞ்சில் மாட்டினாள், முதுகில் தன் பை. அவர் வேண்டாம் என்றார், அவள் காதில் வாங்கவில்லை.

கடைசி ஆளாக மூன்று வருடம் நடந்ததில் அவள் ஒன்று அறிந்திருந்தாள். களைத்தவரை இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று தேற்றினால் அவர் இருந்துவிடுவார். இரக்கப்பட்டால் படுத்துவிடுவார். கோபம் வந்தவர் மட்டும் களைப்பை மறந்து நடப்பார். கழகத்தில் இதற்காக அவள் அரசியல் பேசுவாள், ஓய்வூதியம் பேசுவாள். சோதிலிங்கத்துக்கு வேறொன்று இருந்தது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் பிந்தினது," என்றாள் முன்னால் நடந்தபடி. "பாரிஸுக்குக் கலியாணத்துக்குப் போகேக்கை."

பின்னால் காலடி ஓசை ஒரு கணம் நின்றது. "ஏன், பாரிஸுக்கு என்ன?"

"உங்கடை கூட்டாளி சிவகுருநாதன் தந்த கார். நடு ரோட்டிலை நிண்டுது. தாலி கட்டி, சோறும் முடிஞ்சு, பாத்திரம் கழுவேக்கைதான் போய்ச் சேந்தம்."

"அது நல்ல கார்!" காலடி வேகமாக வந்தது. "அந்தக் காருக்கு ஒரு பிழையுமில்லை. நீர் ஏத்தின பலகாரம்தான் பிழை. அறுபது கிலோ! பெல்ஜியத்தாலை போகேக்கை பின் ரயர் தரையிலை முட்டுது."

"முப்பது கிலோ."

"அறுபது! நான் தூக்கி ஏத்தினனான், எனக்குத் தெரியாதோ? சீனியரியதரம் மட்டும் மூண்டு பெட்டி!"

"எஞ்சினிலை புகை வந்தது சீனியரியதரத்தாலையோ?"

அவ்வளவுதான். சோதிலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு அந்த ஓப்பெல் காரின் எஞ்சின் எப்படி இருந்தது, சிவகுருநாதன் எத்தனை தரம் எண்ணெய் மாற்றியவன், ரேடியேற்றர் தண்ணீர் யார் பார்த்திருக்க வேண்டியது, எல்லாவற்றையும் கையை வீசி வீசி விளக்கினார். ரஞ்சினி இடைக்கிடை ஒரு சொல் போட்டாள். அவர் சூடு ஆறுகிறது என்று தெரிந்தால், சிவகுருநாதன் பிறகு புதுக்கார் வாங்கியதை நினைவுபடுத்தினாள். ஒரு மாட்டுப் பண்ணை போனது. ஒரு காற்றாலை போனது. சைக்கிளில் வந்த கிழவர் ஒருவர் இந்தக் கூச்சலுக்கு இறங்கி ஒதுங்கி வழிவிட்டார். நாலு ஐந்துக்கு மூன்றரைக் கிலோமீற்றர் முடிந்தது. ரஞ்சினியின் நெஞ்சில் ஓட்னர் அழுத்தியது, தோள் எரிந்தது. ஆனால் கால் இரண்டும் தடி இரண்டும் ஒரு கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. இருபது முதுகுகள் இல்லாமல், முன்னால் ரோட்டு மட்டும் கிடந்தது.

ஊர் எல்லைப் பலகை தெரிந்தபோதுதான் சோதிலிங்கம் நின்றார். மூச்சு வாங்கினார். அவளை உற்றுப் பார்த்தார்.

"நீர் வேணுமெண்டு கிளறினீர், என்ன?"

"ஓம்."

"கள்ளி."

"அறுபது கிலோவோ முப்பதோ?"

"அறுபது," என்றார். ஆனால் இப்போது சிரித்தார். பையைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். இந்த முறை அவள் கொடுத்தாள். கடைசி ஒன்றரைக் கிலோமீற்றரும் அவர் அவளுக்கு ஒரு அடி முன்னால் போக எத்தனித்துக்கொண்டே வந்தார், அவள் விடவில்லை.

நாலு ஐம்பத்துநாலுக்கு ஸ்டேஷன் வாசல். ரஞ்சினி நின்றபடியே கொப்பியைத் திறந்து எழுதினாள். அவசரத்தில் நாலு ஒன்பது மாதிரி விழுந்தது. அடித்துவிட்டு வடிவாக எழுதினாள். சோதிலிங்கம் வாங்கில் விழுந்து இரண்டு சப்பாத்தையும் கழற்றி எறிந்தார். கால் விரலைப் பார்த்து மலைத்தார்.

"இருபத்துநாலு," என்றார் பக்கத்தில் ரயிலுக்கு நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், ஜேர்மன் மொழியில். மொழி திரும்பி வந்துவிட்டது. "இரண்டு நாடு. நடந்தே."

திங்கட்கிழமை காலை ரஞ்சினி வேலைக்குப் போகிற வழியில் கழகத்து அறைக்குப் போனாள். புரொக்மன் கொப்பியை வரி வரியாக வாசித்தார். வாங்கு இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தார். பிறகு ஒரு வரியில் விரல் நின்றது.

"இரண்டு நாற்பதிலிருந்து மூன்று இருபத்தெட்டு வரை. பொலிஸ். இது என்ன?"

ரஞ்சினி நடந்ததைச் சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை. பெட்டியையும் சொன்னாள், வானையும் சொன்னாள்.

புரொக்மன் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டுக் கிலோமீற்றரை எண்பத்தாறு நிமிடத்தில் நடந்தீர்களா? இரண்டு பையோடு?"

"ஓம். யா."

"ஃப்ரௌ சோதிலிங்கம், எங்கள் ஆட்கள் இந்த வேகத்தில் நடக்க மாட்டார்கள். செத்துப்போவார்கள்."

"நடக்கத் தேவையில்லை," என்றாள் ரஞ்சினி. "அவர்கள் ஒறிஜினல் கொண்டுவருவார்கள்."

அறையின் மூலையில் தபால் உறைகளை ஒட்டிக்கொண்டிருந்த வெஸ்ஸல்தான் முதலில் சிரித்தார். பிறகு புரொக்மன். சிரித்து முடித்து, நிகழ்ச்சி நிரலின் தாளை இழுத்து, ஆவணி மாதத்துக் கட்டத்தில் பேனையை வைத்தார். பாதையின் பெயர் என்ன என்று கேட்டார். ஒரு நாள், இரண்டு நாடு என்றாள். நடத்துபவர் என்ற இடத்தில் அவர் ரஞ்சினி சோதிலிங்கம் என்று எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று தாளைத் திருப்பிக் காட்டினார். இல்லை. அவள் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: அடையாள அட்டை, ஒறிஜினல், கட்டாயம்.

படியிறங்கும்போது தொலைபேசி அடித்தது. சோதிலிங்கம்.

"என்னவாம் அந்தாள்?"

"போட்டாச்சு. என்ரை பேரிலை."

மறுபக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எண்டாலும் கால் இன்னும் நோகுது," என்றார்.

"சுடுதண்ணிக்குள்ளை வையுங்கோ. வைக்க முதல் ஃபிரிஜ்ஜாலை கோழியை எடுத்து வெளியிலை வையுங்கோ, ஐஸ் விடட்டும். இண்டைக்குக் கோழிக்கறி."

"ஞாயிற்றுக்கிழமைக் கறி திங்கக்கிழமையோ?"

"ஓம், திங்கக்கிழமைதான்," என்றாள் ரஞ்சினி. பஸ் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு மூன்று தரிப்புத்தான். அவள் ஏறாமல் கையசைத்து அனுப்பிவிட்டு நடந்தாள்.